இடித்துக் கட்டும் கடலோரத் தெருவில் நாளை யார் குடியிருப்பார்கள்? வயதுவாரிக் கணிப்புக்கு ஒரு வழிகாட்டி

திருவான்மியூர் சிக்னலைத் தாண்டி ஈசிஆரில் தெற்கே போனால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று வரிசையாக ஊர்கள் வரும். கடல் பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் பச்சை வலை போர்த்திய கட்டடம் ஒன்றாவது நிற்கும். மாமரமும் கிணறுமாக ஒரு கிரவுண்டில் இருந்த தனி வீடு போய், ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும், வண்டி நிறுத்தும் கீழ்த்தளம்) மேல் மூன்று நான்கு மாடி ஏறுகிறது. நாற்பது வருடப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலோ ஞாயிறு காலைகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இடிப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடக்கிறது.

அந்தக் கூட்டங்களில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, "மொத்தம் எத்தனை பேர் வருவாங்க?" என்பதுதான். அதற்கு ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். எந்த வயதுக்காரர்கள் வருவார்கள் என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். அங்கன்வாடி வேண்டுமா, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டுமா, காலை ஏழரைக்குத் தெருமுனையில் எத்தனை பள்ளி வேன் நிற்கும் என்பதெல்லாம் அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், வார்டு வேலைகளைப் பார்ப்பவர், நகரமைப்பு படித்துவிட்டு முதல் வேலைக்கு வந்திருப்பவர் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். ஒரு எக்செல் தாள், ஒரு மாத அவகாசம், நடப்பதற்கு நல்ல செருப்பு இருந்தால் போதும்.

படி 1: எல்லையைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. 2011 கணக்கெடுப்பின் சென்னை மாவட்ட அட்டவணையைத் திறந்து கொட்டிவாக்கத்தைத் தேடுவார்கள். இருக்காது. கணக்கெடுப்பு அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. 42 உள்ளாட்சிகள் சேர்ந்து மாநகராட்சி 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது அக்டோபரில். ஆகவே அன்றைய கணக்கில் இந்த ஊர்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கின்றன. சென்னை மாவட்டத்தின் எல்லையே 2018-ல்தான் மாநகராட்சியின் எல்லைக்கு விரிந்தது. இன்றைய வார்டு எண்ணை வைத்துக்கொண்டு அன்றைய அட்டவணையைப் படித்தால் வேறு ஊரின் கணக்கைத்தான் படிப்பீர்கள்.

அதனால் வார்டை மறந்துவிட்டு, தெருப் பெயர்களைக் கொண்டு உங்கள் எல்லையை வரையுங்கள். வரைந்ததும் அதற்குள் மூன்று துண்டுகளைப் பிரியுங்கள்: கடலை ஒட்டிய மீனவர் குப்பம், தனி வீட்டு மனைகள், பழைய அடுக்குமாடிகள். மூன்றிலும் குடும்பம் வேறு, வயது வேறு, மாறும் வேகமும் வேறு. மூன்றையும் கலந்து சராசரி எடுத்தால், அங்கே வசிக்கும் யாருக்கும் பொருந்தாத ஓர் எண்தான் மிஞ்சும்.

படி 2: இன்று இருப்பவர்களை எண்ணுங்கள்

2011-க்குப் பிறகு கணக்கெடுப்பு எண் எதுவும் கையில் இல்லை. இருக்கும் 2011 அட்டவணையிலும் வார்டு அளவில் கிடைப்பது மொத்த ஆட்கள், ஆண் பெண், 0–6 வயதுக் குழந்தைகள், எழுத்தறிவு, வேலை விவரம், அவ்வளவுதான். ஐந்தைந்து வயதாகப் பிரித்த அட்டவணை வேண்டுமென்றால் மாவட்ட அளவுக்கோ பெரிய நகர அளவுக்கோ போக வேண்டும். ஒரு தெருவுக்கு அது உதவாது.

உதவுவது வாக்காளர் பட்டியல். வாக்குச்சாவடி வாரியாக, கதவு எண்ணோடு, ஒவ்வொருவரின் வயதும் பாலினமும் அதில் இருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைவிட நல்ல தெருவாரி ஆவணம் நம்மிடம் இல்லை. தேவையான தெருக்களின் வயதை மட்டும் தாளில் ஏற்றுங்கள். பெயர் வேண்டியதில்லை, ஏற்றாதீர்கள்.

இதில் மூன்று சிக்கல்கள். முதலாவது சென்னைக்கே உரியது: பழைய எண் 14, புதிய எண் 27. ஒரே வீடு இரண்டு எண்ணில் இரண்டு முறை வரும். இரண்டாவது, இறந்தவர்களும் வீடு மாறிப் போனவர்களும் பட்டியலிலேயே தங்கிவிடுவார்கள். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கின. பழைய பட்டியல் எவ்வளவு ஊதியிருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம். ஆகவே எந்தத் தேதிப் பட்டியல் என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள்.

மூன்றாவது சிக்கல், முதியவர்களின் வயது. பட்டியலில் 60, 65, 70 என்று வரிசையாக நிற்கும். 63, 67 எல்லாம் அபூர்வம். பிறந்த தேதி தெரியாதவர்கள் தோராயமாகச் சொன்னதன் விளைவு அது. இதற்குப் பெரிய சூத்திரம் தேவையில்லை. 0–14, 15–29, 30–44, 45–59, 60+ என்று அகலமான ஐந்து கூடையாகப் பிரித்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். 58 முதல் 62 வரை இருப்பவர்களை மட்டும் ஒருமுறை நேரில் சரிபாருங்கள். அந்த எல்லையில்தான் கூடை மாறிவிடுகிறது.

18-க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பட்டியல் கிடையாது. அங்கன்வாடிப் பணியாளரிடம் அவர் பகுதியின் கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பதிவேட்டில் இருப்பார்கள். குப்பத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். கேட் போட்ட அடுக்குமாடிக் குழந்தைகள் அதில் வருவது குறைவு. பள்ளிப் பதிவேடும் கை கொடுக்காது, ஏனென்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பத்து கிலோமீட்டர் தள்ளியும் படிக்கப் போகிறார்கள். நான் செய்வது இதுதான்: பள்ளி நாளில் காலை 6.45 முதல் 8.15 வரை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, சீருடையில் வெளியே வருபவர்களை எண்ணுவேன். இரண்டு நாள் எண்ணினால் போதும். டீக்கு ஆகும் செலவை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

படி 3: பூட்டிய வீடுகள்

என் முதல் கணிப்பில் ஒரு குடியிருப்புக்கு வீட்டுக்கு நான்கு பேர் என்று போட்டுவிட்டேன். அப்படிப் போட்டதற்கு நியாயமும் வைத்திருந்தேன். 2011-ல் சென்னை மாவட்டத்தில் 46.47 லட்சம் பேர். குடும்பத்துக்குச் சராசரி நான்கு பேர்தான் வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வரும்போது வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்: "சார், இந்தக் கணக்கெல்லாம் பகல்ல போட்டதா? ராத்திரி எட்டு மணிக்கு வந்து லைட்டை எண்ணிப் பாருங்க."

வந்து எண்ணினேன். கடல் பக்கத்து பிளாக்கில் மூன்றில் ஒரு வீடு இருட்டு. பிள்ளைகளோடு அமெரிக்காவில் இருக்கும் தம்பதி, வாரக் கடைசிக்கு மட்டும் வரும் குடும்பம், சொத்துத் தகராறில் பூட்டிக் கிடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. விளக்கு எரிந்த வீடுகளிலும் பல வீடுகளில் இரண்டே பேர்.

அன்றிலிருந்து இந்த வரிசையில்தான் போகிறேன். மொத்த வீடுகள், அதில் பூட்டியவை கழித்தல், மீதிக்குக் குடும்ப அளவு. பூட்டிய வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. விளக்கு எண்ணுவது ஒன்று. வார நாளில் ஒருமுறை, சனிக்கிழமை ஒருமுறை எண்ண வேண்டும், இல்லாவிட்டால் வாரக் கடைசிக்காரர்கள் கணக்கைக் குழப்புவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மின் மீட்டர் அளவு இன்னொன்று. மீட்டர் பலகை கீழ்த்தளத்தில் ஒரே இடத்தில் இருந்தால், சங்கத்தின் அனுமதியோடு நீங்களே இரண்டு தேதிகளில் எண்ணைக் குறித்து வித்தியாசம் பார்க்கலாம். மூன்றாவது, பால் போடுகிறவர். எந்த வீட்டுக்குத் தினம் அரை லிட்டர், எந்த வீட்டுக்கு ஒன்றரை, எந்த வீடு போன மாதத்திலிருந்து நிறுத்தியது என்பது அவர் தலைக்குள்ளேயே இருக்கும். குழந்தை பிறந்த செய்தி ஆவின் பாக்கெட்டின் நிறம் மாறும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

படி 4: எத்தனை வீடு வரும், எப்போது வரும்

ஆட்களைக் கணிப்பதற்கு முன்னால் வீடுகளைக் கணிக்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-ன்படி, 18.3 மீட்டருக்கு மேல் போகாத கட்டடத்துக்குச் சாதாரணமாக எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2. அதற்கு மேல் போகும் உயர்மாடிக்கு 3.25, ஆனால் அதற்கு அகலமான சாலை வேண்டும். அதாவது 2,400 சதுர அடி கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம். தோராயமாக 1,200 சதுர அடியில் நான்கு வீடு. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் நான்கு. தனி மனைத் தெருவுக்கு இந்தப் பெருக்கல் போதும், ஆனால் எல்லா மனையும் ஒரே வருடத்தில் இடிபடாது. கடந்த ஐந்து வருடத்தில் தெருவில் எத்தனை மனை மாறியது என்று எண்ணி, அதே வேகத்தை முன்னே நீட்டுங்கள்.

கடலோரத்தில் இதற்கு ஒரு பூட்டு உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். ஏற்கெனவே வீடுகள் நிறைந்த நகர்ப்பகுதி இரண்டாம் வகை. அங்கே அங்கீகரிக்கப்பட்ட பழைய சாலைக்கோ கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டும்தான் கட்டலாம். எஃப்எஸ்ஐயையும் ஒரு தேதியில் உறைய வைத்திருக்கிறார்கள். 2011 அறிவிக்கைக்கு ஒரு தேதி, 2019 அறிவிக்கைக்கு அது வெளியான 2019 ஜனவரி 18. மாநிலத்தின் புதிய கட்டட விதிகள் வந்தது அந்த பிப்ரவரி 4-ல், இரண்டு வாரம் கழித்து! ஆகவே மேலே சொன்ன 2-ஐ அப்படியே கடற்கரைத் தெருவுக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மனைக்கு எது பொருந்தும் என்று சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பில்டர் கொடுக்கும் வழவழப்பான புத்தகத்தில் இருக்கும் வீட்டு எண்ணிக்கை அனுமதி கிடைத்த எண்ணிக்கையா, ஆசைப்பட்ட எண்ணிக்கையா என்று பாருங்கள்.

அப்புறம் தேதி. பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட, 2022-ன் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. மீதி ஒரு பங்கு நீதிமன்றம் போனால் உங்கள் தாளில் இருக்கும் வருடங்கள் எல்லாம் தள்ளிப்போகும். மூன்று தேதிகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: காலி செய்யும் நாள், அனுமதி கிடைக்கும் நாள், சாவி கொடுக்கும் நாள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அந்த இடத்தின் மக்கள்தொகை பூஜ்யம். மூன்று நான்கு வருடம் அது காலியாக இருப்பதை நிறையக் கணிப்புகள் மறந்துவிடுகின்றன. பக்கத்து மளிகைக் கடைக்காரர் மறப்பதில்லை.

படி 5: யார் வருவார்கள்

இதுதான் இந்த வேலையின் மையம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் ஒரு மாதிரிக் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. உங்கள் இடத்துக்கு நீங்கள் எண்ணியவற்றைப் போடுங்கள்.

160 வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பு. 22 பூட்டியவை. மீதி 138 வீடுகளில் சராசரி 3 பேர், ஆக 414 பேர். அதில் 60 தாண்டியவர்கள் 118. நூற்றுக்கு 28 பேருக்கு மேல். நாற்பது வருடத்துக்கு முன் இளம் தம்பதிகளாகக் குடிவந்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள், பிள்ளைகள் போய்விட்டார்கள்.

இடித்தபின் 400 வீடுகள். 160 பழைய உரிமையாளர்களுக்கு, 240 விற்பனைக்கு. இங்கே 400-ஐ நான்கால் பெருக்கி 1,600 என்று எழுதத்தான் கை போகும். அதற்குப் பதிலாக, வீட்டுக்குள் யார் வருகிறார்கள் என்று பிரியுங்கள்.

பழைய உரிமையாளர்களில் 80 குடும்பம் திரும்பி வருகிறது. 64 பேர் தங்கள் புது வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள், ஏனென்றால் கட்டும் காலத்தில் மகள் வீட்டுக்கோ வேறு ஊருக்கோ போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். 16 வீடு பூட்டு. விற்ற 240-ல் 140 வீட்டில் வாங்கியவர்களே குடியேறுகிறார்கள், 65 வாடகைக்கு, 35 பூட்டு. ஆக மூன்று கூட்டம்: திரும்பியவர்கள் 80 வீடு, வீட்டுக்கு 2.6 பேர், வாடகைக்காரர்கள் 129 வீடு, 2.9 பேர், புது உரிமையாளர்கள் 140 வீடு, 3.5 பேர்.

| வயது | இடிப்பதற்கு முன் | திரும்பியவர்கள் | வாடகை | புது உரிமையாளர் | புது மொத்தம் |
|---|---|---|---|---|---|
| 0–14 | 50 | 17 | 67 | 132 | 216 |
| 15–29 | 74 | 29 | 135 | 59 | 223 |
| 30–44 | 80 | 29 | 116 | 186 | 331 |
| 45–59 | 92 | 46 | 37 | 44 | 127 |
| 60+ | 118 | 87 | 19 | 69 | 175 |
| மொத்தம் | 414 | 208 | 374 | 490 | 1,072 |

1,600 இல்லை, 1,072. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று குடிநீர் விதி சொல்வதை வைத்தால், 2.16 லட்சம் லிட்டருக்குத் தொட்டி கட்ட வேண்டிய இடத்தில் 1.45 லட்சம் போதும். ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறி, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை நம்பியிருக்கும் பக்கம் இது. இந்த வித்தியாசம் சின்னதல்ல.

அட்டவணையில் என் கண் நிற்பது கடைசிக்கு முந்தின வரிசையில்தான். முதியவர்களின் பங்கு 28-லிருந்து 16 சதவீதமாக இறங்கிவிட்டது. "இளமையான குடியிருப்பு" என்று விளம்பரமே போடலாம். ஆனால் ஆட்களை எண்ணினால் 118 பேர் இருந்த இடத்தில் 175 பேர். சக்கர நாற்காலிச் சரிவும் ஆம்புலன்ஸ் திரும்பும் இடமும் முன்பைவிடக் கூடுதலாகத் தேவை. புது உரிமையாளர்கள் கூடவே பெற்றோரைக் கூட்டிவருகிறார்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. சதவீதத்தை மட்டும் காட்டுகிற அறிக்கை எது வந்தாலும் பக்கத்திலேயே எண்ணிக்கையைப் போடச் சொல்லுங்கள்.

இந்தக் குடும்ப அளவுகளும் வயதுப் பங்கும் எங்கிருந்து கிடைக்கும்? நாலைந்து வருடத்துக்கு முன் இதே மாதிரி இடித்துக் கட்டி முடித்த குடியிருப்பு ஒன்று அதே ஈசிஆர் பக்கம் இருக்கும். அங்கே படி 2, படி 3-ஐச் செய்யுங்கள். இரண்டு பெட்ரூம், மூன்று பெட்ரூம் என்று தனியாக எண்ணுங்கள். மாநிலச் சராசரியைவிட அந்த ஒரு கட்டடம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

படி 6: வருடங்களை ஓட்டுங்கள்

பாடப் புத்தக முறை எளிது. ஒவ்வொரு வயதுக் குழுவையும் ஐந்து வருடம் முன்னே தள்ளு, இறப்பைக் கழி, பிறப்பைக் கூட்டு, வந்தவர் போனவரைச் சேர். முப்பதுகளில் இருப்பவர்களில் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 99 பேர் இருப்பார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் சுமார் 90. எழுபத்தைந்தைத் தாண்டினால் இது வேகமாக இறங்கும். பிறப்பு இறப்பை மாதிரி எடுத்துக் கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவு முறை (எஸ்ஆர்எஸ்) வெளியிடும் ஆயுள் அட்டவணையில் தமிழ்நாட்டுக்கான எண்கள் இருக்கின்றன. பிறப்புக்கு, மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம் 2020-ல் 1.4. அதாவது ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஒன்றரைக் குழந்தைகூட இல்லை.

மாவட்டத்துக்கு இந்த முறை பொருந்தும். ஒரு தெருவுக்குப் பிறப்பும் இறப்பும் சில்லறை. வருகிறவர்களும் போகிறவர்களும்தான் பெரிய நோட்டு. நான் மூன்று கூட்டத்தையும் தனித்தனியாக ஓட்டச் சொல்வது அதனால்தான். உரிமையாளர்களுக்கு வயதாகும். வாடகைக்காரர்களுக்கு ஆகாது! ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் 28 வயதுக்காரர் மூன்று வருடத்தில் காலி செய்தால், அந்த வீட்டுக்கு இன்னொரு 28 வயதுக்காரர் வருவார். கல்லூரி விடுதி மாதிரி, ஆட்கள் மாறுவார்கள், வயது மாறாது. ஆகவே அட்டவணையின் வாடகைப் பத்தியை அப்படியே வைத்துவிட்டு, மற்ற இரண்டை மட்டும் முன்னே தள்ளுங்கள். வீடு விற்றுப் போகிறவர்களுக்காக வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று குடும்பம் மாறுவதாக வைத்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும்.

ஓட்டிப் பார்த்தால் ஓர் அலை தெரியும். சாவி 2029-ல் கொடுத்தார்கள் என்று வைப்போம். புது உரிமையாளர்களின் 132 பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆறு வயதுக்குள் இருப்பார்கள், ஏனென்றால் குழந்தை பிறந்தபிறகுதான் கடன் போட்டு மூன்று பெட்ரூம் வாங்குகிறார்கள். ஊஞ்சல், சறுக்கு எல்லாவற்றுக்கும் வரிசை நிற்கும். 2039-ல் அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பு. ஊஞ்சல் துருப்பிடிக்கும், ஷட்டில் கோர்ட்டுக்குச் சண்டை வரும். 2049-ல் அவர்கள் பெங்களூரிலோ அதற்கும் அப்பாலோ இருப்பார்கள்; முப்பதுகளில் வந்த பெற்றோர் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருப்பார்கள். இடித்த அந்தப் பழைய குடியிருப்பின் வயதுக்கே புதுசும் வந்து சேர்ந்திருக்கும். எல்லோரும் ஒரே வருடத்தில் குடிவந்தால் எல்லோருக்கும் ஒரே வருடத்தில் வயதாகிறது. இதைக் குறைக்க வேண்டுமென்றால் வரைபடம் போடும்போதே சின்ன வீடும் பெரிய வீடும் கலந்து வைக்க வேண்டும். எல்லாமே மூன்று பெட்ரூம் என்று போட்டுவிட்டுப் பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

படி 7: குப்பத்துக்குத் தனித் தாள்

குப்பத்தை அடுக்குமாடிச் சூத்திரத்தில் போடாதீர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் மீனவர் கணக்கெடுப்பு கிராமவாரியாகக் கிடைக்கும். 2010-ல் தமிழ்நாட்டில் 573 கடல்மீனவ ஊர்கள், சுமார் 1.93 லட்சம் குடும்பம், 8.03 லட்சம் பேர். குடும்பத்துக்கு நாலுக்குச் சற்று மேல். பக்கத்து அடுக்குமாடியின் 2.6-உடன் இதை எப்படிக் கலப்பது? மகனுக்குக் கல்யாணம் ஆனால் அதே வீட்டின் மேலேயோ பக்கத்திலோ ஓர் அறை ஏறும். வலையும் படகும் இங்கே இருப்பதால் இளைஞர்கள் தூரப் போவது குறைவு. வீட்டு எண்ணிக்கை மாறாமலேயே குடும்ப எண்ணிக்கை கூடும்.

பழைய போக்கை நீட்டும்போதும் கவனம் வேண்டும். 2001-க்கும் 2011-க்கும் நடுவில் 2004 டிசம்பர் 26 இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு பல கடலோரக் குடும்பங்கள் செம்மஞ்சேரி போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. அந்தச் சரிவை இயல்பான போக்கு என்று எடுத்து முன்னே நீட்டினால், இருக்கிற குப்பத்தையே காகிதத்தில் காலி செய்துவிடுவீர்கள். முதலில் ஊர்த் தலைவரைப் பார்த்து, எதற்காக எண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டு எண்ணுங்கள். அங்கே கணக்கெடுக்க வருகிறவர் என்றாலே வெளியேற்ற வருகிறவரோ என்ற பயம் இருக்கிறது. காரணமில்லாத பயம் என்று என்னால் சொல்ல முடியாது.

படி 8: எண்ணை வேலைக்கு அனுப்புங்கள்

ஒற்றை எண்ணைக் கொடுக்காதீர்கள். பூட்டிய வீடு, வாடகைப் பங்கு, சாவி கொடுக்கும் வருடம் ஆகிய மூன்றையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, குறைந்தது, நடு, அதிகம் என்று மூன்று ஓட்டம் ஓட்டுங்கள். எதை மாற்றினால் விடை அதிகம் ஆடுகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் கருவள விகிதத்தை எப்படி மாற்றினாலும் விடை அசையாது. பூட்டிய வீடுகளைத் தொட்டால் உடனே ஆடும்.

பிறகு தெருவைக் கூட்டுங்கள். நகரத் திட்டமிடலுக்கான மத்திய அரசின் 2014 வழிகாட்டு நெறிகள் 2,500 பேருக்கு ஒரு மழலையர் பள்ளி, 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி என்கின்றன. 1,072 பேர் கொண்ட ஒரு குடியிருப்பு தனியாக எதையும் கேட்காது. அதே சாலையில் இப்படி ஐந்து வந்தால் கேட்கும், ஆனால் ஒவ்வொரு அனுமதியும் தனித்தனிக் கோப்பாகப் போவதால் அந்த ஐந்தாயிரம் யார் மேசையிலும் சேர்வதில்லை. கூட்டிக் காட்ட வேண்டியது நீங்கள்தான்.

ஒரு பரிசோதனையும் செய்துவிடுங்கள். படி 5-ல் எண்ணிய அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்கு, இடிப்பதற்கு முந்தின பழைய வாக்காளர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் முறையில் ஒரு கணிப்புப் போடுங்கள். திரும்பியவர்கள் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று ஊகியுங்கள். பிறகு இன்று அங்கே உண்மையில் எரியும் விளக்குகளோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு தவறுகிறீர்களோ, அதுதான் உங்கள் கணிப்பின் மேலே கீழே போட வேண்டிய வரம்பு.

அடுத்த கணக்கெடுப்பின் ஆதாரத் தேதி 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். அதன் வயதுவாரி எண்கள் உங்கள் தெரு அளவுக்கு வெளிவந்தால் படி 2-ஐத் தூக்கி எறிந்துவிட்டுப் புது எண்ணைப் போடுங்கள். படி 5-ஐ மட்டும் எறியாதீர்கள். 2027-ல் பச்சை வலைக்குள் இருக்கும் கட்டடத்தில் கணக்கெடுப்பாளர் பார்ப்பது வாட்ச்மேன் குடும்பத்தையும் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளர்களையும்தான். அங்கே குடிவரப் போகிறவர்கள் அன்றைக்கு வேறு ஏதோ ஒரு தெருவில் எண்ணப்பட்டிருப்பார்கள்.